வாசலில் ஒரு சோப்பு

“நீ கை வச்ச வரைக்கும் போதும்மா. பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு” என்றார் சலவைக்கடைக்காரர், மச்சினியின் முகத்தைப் பார்க்காமலே.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள். தேய்ந்த முழங்கால் மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்த கால், தையல் போட்ட இடத்தில் சிவந்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

ஊரார் துணியில் இருந்த கறையையெல்லாம் விரட்டிய மனிதர் அவர். ஆபரேஷன் முடிந்து மனைவி வீடு திரும்பியதிலிருந்து விரிப்புகளைக் கொதிக்கக் கொதிக்க அவித்துப் போட்டார். சோப்பும் வாளியுமாக வாசலில் காவல் நின்றார். கழுவாத கையோடு பேத்தியைக்கூட உள்ளே விடவில்லை. அக்கம்பக்கத்தார் அவருக்குச் ‘சோப்பு இன்ஸ்பெக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சொத்தைப் பல்லால் தன் தாடை வீங்கிக் கிடந்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. இவளை விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போய் உட்கார மனம் வரவில்லை.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் கிருமி புகுந்துவிட்டதென்றால், தினமும் கட்டுப் பிரித்துக் கட்டிய மச்சினியைத் தவிர வேறு யாரைச் சொல்வது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் காலை மறுபடி திறந்து கழுவினார்கள். அது போதவில்லை, வைத்த மூட்டையே கழற்ற வேண்டியதாயிற்று. கிருமி முழுக்கச் சாகும்வரை வேறு மூட்டு வைக்க முடியாது, வைத்தாலும் பழையபடி நடப்பாள் என்று உறுதி சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பயந்து பயந்து பின்வாங்கியவளை, மறுபடி கடைக்குத் தன்னோடு நடந்து வரலாம் என்று ஆசை காட்டி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்ததே கணவர்தான்.

மறுநாள் சோதனை முடிவோடு டாக்டர் வந்தார். இது வாயில் குடியிருக்கிற கிருமி, கை கழுவியதால் மட்டும் இதைத் தடுத்திருக்க முடியாது என்றார்.

“நான் சொல்லலே? உன் தங்கச்சிக்கு வாய் ஓயாது. கட்டுப் பிரிக்கிறப்பவும் லொடலொடன்னு பேசிக்கிட்டேதானே இருந்தா” என்று சலவைக்கடைக்காரர் பொங்கினார்.

டாக்டர் வெளியே போகும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு கணவரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“பேசினா, இல்லைங்கல. ஆனா மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கிட்டுத்தாங்க பக்கத்துலயே வந்தா.”

அவருடைய வீங்கிய தாடையை அவள் மெல்லத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

“அவ கட்டைப் பிரிச்சுட்டுக் கை கழுவப் போனப்போ எல்லாம், எரியுதுன்னு நான் அழுதா, குனிஞ்சு ஊதி விட்டது நீங்கதானே.”