முப்பதா, நாற்பதா?

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஆடவில்லை, அசையவில்லை.

காலையில் பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து, மறுபடி ஆபீசுக்குக் கிளம்பிக் கீழ்த்தள பார்க்கிங்குக்கு இறங்கி வந்த எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஐயோ, யாருங்க அது? உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். கத்தாதீங்க சார், திரும்பினா எண்ணெய்ச் சட்டி மூஞ்சியில கவுந்துடும்."

குரலைக் கேட்டதும் ஆள் தெரிந்துவிட்டது. டர்போ சார். அந்தக் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்தே போய்விட்டது. டர்போ வைத்த தன் கார் மாதிரி உலகத்தில் வேறு கிடையாது என்று லிஃப்டில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரையும் பிடித்துவைத்துப் பேசுவார். அந்த அறுவை தாங்காமல் சிலர் அதே மாடலை, அதே வெள்ளையில் வாங்கியும் விட்டார்கள்.

"என்ன சார் பண்றீங்க?" எதிர்வீட்டுக்காரரின் குரல் கொஞ்சம் கம்மியது.

"ஆயில் மாத்துறேன். பழசு மொத்தமும் இறக்கியாச்சு. உள்ள சொட்டு இல்ல."

"சொட்டுகூடவா?"

"சொட்டுகூட."

எதிர்வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். டர்போ சார் நெளிந்து நெளிந்து வெளியே வந்தார்.

"இன்னிக்கு எனக்கு வாழ்வா சாவா சார். போன தடவை வண்டி புகை கக்குச்சுல்ல, அதுலேர்ந்து வீட்டுல ஒரே ரகளை. இப்ப மச்சான் வீட்டுக்குக் கிளம்புறோம். வழியில கொஞ்சம் புகை வந்தாலும் வண்டியை அங்கயே மச்சானுக்குக் கொடுத்துட்டு பஸ்ல திரும்பிடலாம்னு வீட்டுக்காரி சொல்லிட்டா."

பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்னால்கூட மனிதர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

தரையில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் 5W-30, மற்றதில் 5W-40. எதை வாங்குவதென்று கடையில் முடிவு பண்ண முடியாமல் இரண்டையுமே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நாப்பதுதான் ஊத்தப் போறேன். எவ்வளவு சூட்டுலயும் கெட்டியா நிக்கும்."

"வேணாம் சார்!" எதிர்வீட்டுக்காரர் அலறினார். "இந்த வண்டிக்கு முப்பதுதான். கம்பெனி புக்லயே போட்டிருக்கான்."

"புக் எழுதினவனுக்கு என்ன தெரியும்? டர்போ சூடு லேசுப்பட்டதா? நேத்து சாயங்காலம் நிறுத்தின வண்டி சார் இது. இப்ப வந்து தொட்டா இன்ஜின் இன்னும் சுடுது! ராத்திரி பூரா ஆறலை. இதுல போய் முப்பதை ஊத்தினா தண்ணியாட்டம் ஓடிடாது?"

எதிர்வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, "கெட்டி ஆயில் ஊத்தினா மைலேஜ் போயிடும் சார்" என்றார்.

"போனா எனக்குத்தானே போகுது? உங்களுக்கு என்ன?"

எதிர்வீட்டுக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேவிட்டார். "கால்ல வேணும்னாலும் விழறேன். முப்பதையே ஊத்துங்க."

டர்போ சாருக்கு மனசு இளகிப்போயிற்று. அடுத்தவன் வண்டிக்காக இப்படி உருகுகிற மனுஷன் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பான்! நம்மைக் கண்டாலே லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஓடுகிறவர் என்று இவரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"சரி, உங்க திருப்திக்கு முப்பதே ஊத்துறேன்."

"அடி நட்டை நல்லா இறுக்கிட்டீங்களா? இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

டர்போ சார் மறுபடியும் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஃபில்டர்?"

"புதுசு வாங்கி வச்சிருக்கேன். அடுத்த தடவை போட்டுக்கலாம்னு..."

"எதுக்கு சார் தள்ளிப்போடணும்? அதையும் மாத்திடுங்க."

அதையும் மாற்றினார். பானெட்டைத் திறக்க வேண்டும் என்பதற்குள் எதிர்வீட்டுக்காரரே ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே எதையோ இழுத்தார். பானெட் டக்கென்று எழும்பியது. ராத்திரி வண்டியைப் பூட்ட மறந்திருக்கிறோம், நல்லவேளை வீட்டில் தெரியாது என்று டர்போ சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒருவர் புனலைப் பிடிக்க, ஒருவர் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "வைப்பர் தண்ணிகூடக் கொஞ்சம் குறைச்சலா இருக்கு சார்" என்றார். டர்போ சார் அதையும் நிரப்பினார்.

மனைவியிடமிருந்து போன் வந்தது. "கிளம்பலாமா, இல்ல இன்னும் வைத்தியம் நடக்குதா?"

"இறங்கி வா. வண்டி தேராட்டம் நிக்குது."

"புகை?"

"இனி இந்த ஜென்மத்துல வராது!"

ஜாக்கை இறக்கியதும் எதிர்வீட்டுக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். "நான் ஸ்டார்ட் பண்றேன். நீங்க சத்தத்தை மட்டும் கேளுங்க."

இன்ஜின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. கரகரப்பு இல்லை, உதறல் இல்லை, பேருக்குக்கூடப் புகை இல்லை. டர்போ சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணோரம் ஈரமாகிவிட்டது. இனி மச்சான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஆமா, சாவி மேல வீட்டுலல்ல இருக்கு? எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?"

எதிர்வீட்டுக்காரர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

"உங்க வண்டி அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம் நிக்குது சார்."