பேச்சு நின்ற இடம்

லீட்ஸ் நகர ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் மேசையில் டோரீன் விழித்தபடி கிடக்கிறாள். மண்டை ஓடு திறந்திருக்கிறது. வலி இல்லை, நீலத் துணிக்கு அப்பால் கருவிகள் உரசும் ஓசை மட்டும் கேட்கிறது. மூளையிலுள்ள கட்டியை வெட்டும்போது பேச்சுக்குப் பழுது வராமலிருக்க, அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவள். "நாய் படம், பூனை படம்னு காட்டி உயிரை வாங்காதீங்க, புதிரே கேளுங்க" என்று காலையில் சிரித்தவள். பேச்சு மருத்துவர் பிலிப்பா துணிக்கடியில் குனிகிறாள். "பூமி கலைஞ்சா நெஞ்சுக்குள்ள துடிக்கும். இங்கிலீஷ்ல அஞ்சு எழுத்து, சொல்லுங்க." 'எர்த்' (EARTH) என்பதன் ஆங்கில எழுத்துகள் கண்ணுக்குள் இடம் மாறி நிற்கின்றன. விடை தெரிகிறது. வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. மறுபடி முயல்கிறாள், காற்றுதான் வருகிறது. தன் பெயரைச் சொல்லிப் பார்க்கிறாள், அதுவும் இல்லை. மானிட்டரின் ஒலி வேகமெடுக்கிறது. அவள் விரல்கள் பிலிப்பாவின் கையுறையை நெரிக்கின்றன. "டாக்டர், பேச்சு நின்னுடுச்சு!" அறுவை செய்யும் டாக்டர் ஹேவுட், பேச்சுக்கான இடத்தைக் கண்டறிய மூளையில் தொட்டிருந்த மின்முனையைச் சட்டென்று எடுக்கிறார். "ஹார்ட்... ஹார்ட், ஹார்ட்" என்கிறாள் டோரீன், கண்ணீர் காதுக்குள் வழிய. "அந்த இடத்துல கத்தி படாதும்மா. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி" என்கிறார் அவர். பிலிப்பாவின் கை இன்னும் அவள் பிடியில்தான் இருக்கிறது. "அடுத்ததைக் கேளுடி" என்கிறாள் டோரீன். "நிறுத்தாம கேளு."