பார்த்தவள் தொட வேண்டும்

ஜெல்லி விற்கும் ஒரு பெண்ணுக்காக நான் பஸ் நிறுத்தத்தில் காத்து நின்றேன். மார்போடு சேர்த்துக் கட்டிய சால்வைக்குள் எலியாசர் அழுதுகொண்டிருந்தான். பிறந்து முப்பத்திரண்டு நாள். அதில் கடைசி மூன்று நாளும் அழுகைதான்.

டாக்டர் வாயு என்றார். சொட்டு மருந்து கொடுத்தோம். வாயு போயிற்று. அழுகை போகவில்லை.

அதற்குப் பிறகு என் நாத்தனார் எதெல்மீரா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிறாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் என்னென்ன செய்யக் கூடாது என்பதை அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வெளியே போகக் கூடாது. தலைக்குக் குளிக்கக் கூடாது. பன்றிக்கறி கூடாது. குனியக் கூடாது. குனியாமல் துணி எப்படித் துவைப்பது என்று கேட்டால், எதிர்த்துப் பேசவும் கூடாது.

இன்று காலை அவள் ஒரு கோழிமுட்டையைப் பையனின் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை உருட்டி, தண்ணீர்த் தம்ளரில் உடைத்து ஊற்றினாள். மஞ்சள்கருவின் மேல் வெள்ளையாக ஒரு குமிழ் நின்றது.

"இந்தா பாரு, கண்ணு. அதுவும் பொம்பளக் கண்ணு. யாருடி புள்ளயப் பாத்தது?"

முட்டையில் ஆண் பெண் எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மூன்று நாளுக்கு முன்னால் அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டு முக்குக் கடைக்கு மக்காச்சோள ரொட்டி வாங்கப் போனேன். வீட்டில் ரொட்டி இருந்தது.

வரிசையில் ஏழு பேர். எனக்கு முன்னால் ஜெல்லிக் கிண்ணங்கள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியோடு ஒரு பெண். திரும்பியவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். சிரித்தாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

தொடவில்லை.

எங்கள் ஊரான ஓரிசாபாவில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஆசையாகப் பார்த்தால் ஒரு தரம் தொட்டுவிட வேண்டும். பார்த்த கண்ணின் சூடு விரல் வழியாக இறங்கிவிடும். முன்பின் தெரியாதவர்கள்கூட, "இருங்க, தொட்டுட்டுப் போயிடறேன்" என்று தெருவைத் தாண்டி ஓடி வருவார்கள்.

எதெல்மீரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாத்தவளே தொடணும். வேற எவ தொட்டாலும் எறங்காது. போ, போய்க் கண்டுபிடி."

வெளியே போகக் கூடாதே என்றேன். கண்ணேறுக்கு விலக்கு உண்டாம்.

வடக்கே லாரி ஓட்டும் என் கணவன் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டான். பையன் எப்படி இருக்கான் என்று கேட்டான். அப்படியேதான் இருக்கான் என்றேன், மூன்று முறையும்.

இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் பயமாக இருந்தது. தப்பு என்னுடையது. வீட்டில் ரொட்டி இருந்தது.

அவள் தினமும் இங்கேதான் இறங்குவாள் என்று ரொட்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நான்காவது பஸ்ஸில் வந்தாள். முதலில் பெட்டியை இறக்கினாள், பிறகு தன்னை இறக்கிக்கொண்டாள். ஐம்பது வயது இருக்கும். ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"அன்னிக்கு ரொட்டிக் கடையில பாத்தீங்கம்மா. தொடாமப் போயிட்டீங்க. மூணு நாளா கத்துறான்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, சால்வையை விலக்கினாள். நெற்றியைத் தொடப் போன விரல் பாதியில் நின்றது.

"இவன நான் பாக்கவே இல்லையே, மகளே."

"பாத்தீங்க. எவ்வளவு நேரம் பாத்தீங்க!"

"தலையோட கால் மூடி வச்சிருந்தியே. உள்ள புள்ள இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் பாத்தது உன்னத்தான்."

என்னையா? அன்றைக்குத் தலைக்குக் குளித்து இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. போட்டிருந்தது கணவனின் சட்டை. அதில் இரண்டு பக்கமும் பால் கறை. என்னிடம் பார்க்க என்ன இருந்தது என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"என்னன்னு சொல்ல? ரொட்டி வரிசையில நின்னுட்டு நீ பாட்டுக்குச் சிரிச்சிட்டிருந்த, திருவிழாவுக்கு வந்தவ மாதிரி. பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு." பிறகு குரலை இறக்கி, "தொட்டிருக்கணும். பஸ் வந்துடுச்சு" என்றாள்.

செய்ய வேண்டியதை முறையாகச் செய்தாள். உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தாள். பிறகு ஒரு கன்னம், பிறகு மறு கன்னம். ஜெல்லிப் பெட்டியைப் பிடித்திருந்ததில் கை சில்லென்று இருந்தது. அவள் அவசரப்படவில்லை.

வீட்டு வாசலிலேயே எதெல்மீரா நின்றிருந்தாள்.

"தொட்டாளா? தொட்டதும் அழுக நின்னுச்சா?"

"உடனே நிக்கல. ரெண்டு பஸ் போற வரைக்கும் அழுதேன்."

"உன்ன யாருடி கேட்டா? புள்ளயக் கேக்கறேன்."

அப்போதுதான் சால்வையை விலக்கிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான். எப்போது தூங்கினான் என்று எனக்குத் தெரியவில்லை.