டிரைவர் கிடைக்கவில்லை

"கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரா? ஒரு புகார் சொல்லணும். பிரிண்டர் வேலை செய்யல."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கையிலிருந்த திருப்புளி நழுவி மேஜையில் உருண்டது. பத்தொன்பது நாளாகச் செல்போனில் எடுக்காமல் அவள் தவிர்த்து வந்த குரல். மனிதர் இப்போது கடை நம்பருக்கே வந்துவிட்டார், முன்வாசலில் விரட்டினால் கொல்லைப்புறமாக நுழைகிற மாதிரி.

"சொல்லுங்க சார். கஸ்டமர் நம்பர் இருக்கா?" கடைக் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்பர் எல்லாம் தெரியாதுங்க மேடம். கல்யாணம் ஆகி ஆறு வருஷம். அது போதுமா?"

பக்கத்து மேஜைத் தோழி, யாருடைய லேப்டாப்பிலோ தூசி ஊதிக்கொண்டிருந்தவள், ஊதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஸ்கிரீன்ல என்ன வருது?"

"பிரிண்டரை ஓட்டற சாஃப்ட்வேராமே, அந்த டிரைவர் கிடைக்கலைன்னு வருது. நாளைக்கு ஏழாம் வகுப்புக்குக் கேள்வித்தாள் பிரிண்ட் எடுக்கணும். பிள்ளைங்க பாவம்."

அவர் ஓவிய ஆசிரியர். ஓவியப் பரீட்சைக்குக் கேள்வியே ஒரு வரிதான். கரும்பலகையில் எழுதிப் போட்டால் முடிந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

"சரி, டிவைஸ் மேனேஜரைத் திறங்க. பிரிண்டர் பக்கத்துல மஞ்சள் முக்கோணம் ஏதாவது தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. நல்ல மாம்பழ மஞ்சள்."

"அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, ரீஸ்டார்ட் கொடுங்க."

"கொடுத்தேன். ஆ... வந்துடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"நம்ம கம்ப்யூட்டர் கொஞ்சம் சுறுசுறுப்பு."

நம்ம. அந்த வார்த்தை அவளை என்னவோ செய்தது. உடனே சுதாரித்துக்கொண்டாள். இதே வாய்தானே அன்றைக்கு அப்படிப் பேசியது?

அன்று வீடு நிறைய அவருடைய சொந்தக்காரர்கள். "உங்க வீட்டுக்காரி வேலை ரொம்பக் கஷ்டமாமே?" என்று யாரோ கேட்க, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்ன கஷ்டம்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவா. எல்லாம் சரியாகிடும். அதுக்கும் ஒரு சம்பளம்!" கூடம் முழுக்கச் சிரிப்பு. அன்று காலையில்தான் ஒரு கல்லூரியின் மூன்று வருட மார்க் பட்டியலைச் செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து அவள் மீட்டுக் கொடுத்திருந்தாள். கல்லூரி முதல்வர் எழுந்து நின்று கைகூப்பினார். அதைச் சொல்லத்தான் ஓடோடி வந்திருந்தாள். சொல்லவில்லை. விருந்தினர் போனதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இப்ப சிஸ்டம் ஃபைலைப் பார்க்கணும். கறுப்பா ஒரு ஜன்னல் திறக்கும். அதுல நான் சொல்றதை அடிங்க." எழுத்து எழுத்தாகச் சொன்னாள். "எந்தெந்த ஃபைல் கெட்டுப் போயிருக்குன்னு அதுவே தேடி, கெட்டதுக்குப் பதிலா நல்லதைப் போட்டுடும்."

"கெட்டதை எடுத்துட்டு நல்லதைப் போட்டுடுமா? மனுஷனுக்கு இப்படி ஒண்ணு இல்லாமப் போச்சே!"

தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"நாப்பது பர்சன்ட்."

"நூறு வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. காத்திருக்கணும்."

"காத்திருக்கேன். காத்திருக்கறதைத் தவிர வேற என்ன வேலை எனக்கு?" அவர் குரல் இறங்கியது. "நேத்து அந்தக் காலேஜ் முதல்வர் எங்க ஸ்கூலுக்கு வந்திருந்தார். 'உங்க வீட்டம்மா இல்லைன்னா ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க வாழ்க்கை நடுத்தெருவுல நின்னிருக்கும்'னார். எல்லா வாத்தியாருக்கும் முன்னாடி. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல."

அவள் உருண்டு கிடந்த திருப்புளியை எடுத்து நேராக வைத்தாள்.

"நீ ஏன் அன்னைக்கு இதைச் சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?"



"தப்புத்தான்மா. சிரிக்க வைக்கணும்னு பேசிட்டேன். அன்னைக்குச் சிரிச்ச ஒவ்வொருத்தருக்கும் நேத்தே போன் போட்டுச் சொல்லிட்டேன், என் பெண்டாட்டி என்ன வேலை செய்யறான்னு. அக்காகிட்ட அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

விரலால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எவ்வளவு?" என்றாள்.

"முப்பத்தஞ்சு."

"முன்னாடி நாப்பதுன்னீங்க?"

"அது... கொஞ்சம் பின்னாடி போயிட்டு வருது போல. இதோ, நூறு! ஆனாலும் பிரிண்ட் வரலியே மேடம். இது போன்ல தீர்ற விஷயமாத் தெரியல. நேர்ல வந்து பார்த்தாத்தான் ஆகும்."

"சாயந்திரம் வர்றேன். அரிசி இருக்கா வீட்டுல?"

"எல்லாம் இருக்கு!" அவர் துள்ளிய துள்ளல் போனிலேயே கேட்டது.

அவள் போனை வைத்ததும் தோழி நாற்காலியோடு உருண்டு வந்தாள். "அப்படி என்னடி கோளாறு அந்தக் கம்ப்யூட்டருக்கு? டிரைவரா, சிஸ்டம் ஃபைலா?"

அவள் மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"கிளம்பின அன்னைக்கே கோபத்துல அதோட ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு வந்துட்டேன்டி. விண்டோஸ் மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு, இது இல்லாம அது திறக்கவே திறக்காது!"