கேரம் போர்டுக்கு ஒரு ஓட்டு

தையல் மெஷின் சின்னத்தில் மூன்று தேர்தலில் நின்று மூன்றிலும் டெபாசிட்டைப் பறிகொடுத்தவர் தங்கப்பழம். நான்காவது முறை அவருடைய சிறிய கட்சிக்குக் கேரம் போர்டுதான் கிடைத்தது; தையல் மெஷின் யாரோ ஒரு சுயேச்சைக்குப் போய்விட்டது. ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் வெளியூரிலிருந்து ஒன்றியச் செயலாளர் சுடலைமணி வீட்டுக்கே வந்தான்.

“ஒங்க தெரு பூத்துல ஒரே ஒரு ஓட்டுண்ணே. அது ஒங்க ஓட்டு. மைனிகூடப் போடலியே!”

காபியோடு வந்த அவர் மனைவி பேச்சித்தாய் அப்படியே நின்றுவிட்டாள். “ஆத்தா சத்தியமா ஒங்களுக்குத்தாங்க போட்டேன்.”

அந்த ஓட்டு அவளுடையதுதான். பூத்துக்குள் பழக்கதோஷத்தில் தன் விரல் தையல் மெஷினை அமுக்கியது அவருக்கு மட்டும்தான் தெரியும். சுடலைமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, விடு” என்றார், அவளை மன்னிப்பவரைப்போல.