ஆட்சேபணை

ஒச்சம்மா இன்றைக்கும் வந்துவிட்டாள். அதே முன்வரிசை, அதே ஓரத்து நாற்காலி.

மேடையிலிருந்து பார்த்த கார்த்திகா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்குன்னு பாத்து வந்து உக்காந்துருக்காங்க பாரு," என்றான் பக்கத்தில் இருந்த அபி.

விடாக்கண்டிதான். கார்த்திகா எங்கே மைக் பிடித்தாலும் ஒச்சம்மா அங்கே இருப்பாள். சொந்த ஊரான பாம்பூஃப்ளாட்டில் பேசினால் நடந்து வருவாள். கடலுக்கு இக்கரையில் போர்ட் பிளேரில் பேசினால் போட்டைப் பிடித்து வருவாள். வண்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசியபோது பஸ் ஏறி அங்கேயும் ஆஜர். கைதட்ட மாட்டாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். கார்த்திகாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பாதியில் எழுந்து போய்விடுவாள். சாபம் விடத்தான் வருகிறாள் என்று படகுத்துறை ஜெட்டியில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு தடவை திரும்புகிற போட்டில் இரண்டு பேரும் எதிரெதிர் பெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். கார்த்திகா எழுந்து போய், கரை வரும்வரை போட்டில் ஏற்றியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றபடியே வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பார்வையை யாரால் தாங்க முடியும்?

தாங்கித்தான் ஆக வேண்டும். ஒச்சம்மாவின் ஒரே மகனைக் கொன்றது கார்த்திகாவின் அப்பா ராக்கப்பன். ஜெட்டியில் டிங்கிப் படகு கட்டுகிற இடத்துக்கு வந்த சண்டை. கையில் இருந்த துடுப்பால் ஒரே அடி, பையன் எழுந்திருக்கவே இல்லை. அப்பாவுக்கு ஆயுள் தண்டனை. கார்த்திகா அப்போது ஆறாம் வகுப்பு.

அப்பா செய்தது சரி என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் அபியும், பெற்றவர் ஜெயிலில் இருக்கிற இன்னும் சில பிள்ளைகளும் சேர்ந்து கேட்பது ஒன்றே ஒன்று. பார்க்க வருகிற பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் நடுவே கம்பி வலை வேண்டாம், பக்கத்தில் உட்கார விடுங்கள். தூரத்து ஹட் பே ஊரிலிருந்து கப்பலேறி வருகிற குழந்தை, வலைக்குள் விரலை நுழைத்து அம்மாவின் விரலைத் தொட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்புகிறது. தப்புச் செய்தது அந்தக் குழந்தையா?

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடை ஏறினால், தன்னைப் பெற்றவர் யாருக்குக் கேடு செய்தாரோ அவர் பேரை முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் கஷ்டம். கார்த்திகா போட்ட சட்டம் அது. நம் வலியை மட்டும் பேசினால் அது நியாயம் கேட்பதாகாது, புலம்பல்தான் என்பாள்.

அந்தச் சட்டமே இன்றைக்கு வினையாகப் போகிறது என்று அபி பயந்தான். காரணம் இருந்தது. வந்திருப்பது மெயின்லாண்ட் கமிட்டி. ஜெயில் விதிகளை மாற்றச் சிபாரிசு செய்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதன் தலைவர், ரிட்டயர்டு ஜட்ஜம்மா, எடுத்த எடுப்பிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்று ஆட்சேபணை சொன்னாலும் சிபாரிசு கிடையாதாம். ஒச்சம்மா வாயைத் திறந்தால் இத்தனை பிள்ளைகளின் பாடும் அம்போ.

"இன்னைக்கு மட்டும் அந்தப் பேரை விட்டுரு கார்த்தி," என்றான் அபி. "அவனைப் பெத்தவங்க முன்னாடியே சொல்லிப் புண்ணைக் கிளறணுமா?"

கார்த்திகா மைக் முன்னால் போய் நின்றாள். பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒச்சம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான், கார்த்திகாவின் தைரியம் போன இடம் தெரியவில்லை. அப்பா ஒருவரைக் கொன்றுவிட்டார் என்று ஹிந்தியில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே தாவிவிட்டாள். கம்பி வலை, ஹட் பே குழந்தை என்று மளமளவென்று ஒப்பித்து முடித்தாள். ஹால் முழுக்கக் கைதட்டியது. அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஜட்ஜம்மா சபையைப் பார்த்துக் கேட்டார்.

ஒச்சம்மா எழுந்தாள். வழக்கம்போல வாசலுக்குப் போகவில்லை. நின்றாள்.

பாம்பூஃப்ளாட் ஆட்களுக்கு அவள் யாரென்று தெரியும். அபி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போலியே, மாஜி," என்று ஹிந்தியில் அவளைப் பேசச் சொல்லி, மைக்கைக் கொடுக்க வைத்தார் ஜட்ஜம்மா.

ஆட்சேபணை இருக்கிறது என்றாள் ஒச்சம்மா, ஹிந்தியில்தான், தெளிவாக. கார்த்திகா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை பிள்ளைகளின் வாயில் மண் விழுந்தது தன்னால்தான் என்று நினைத்தாள்.

ஒச்சம்மா கமிட்டியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். பேச்சும் தமிழுக்கு வந்துவிட்டது.

"நீ உங்கப்பன் பக்கத்துல உக்காந்து பேசு தாயி. எல்லாப் பிள்ளைகளும் பேசட்டும். அதுக்கு நான் குறுக்க நிக்கல."

பின்னே ஆட்சேபணை எதற்கு? கார்த்திகா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஏன் என் பிள்ளை பேரச் சொல்லாம விட்டுட்ட?" என்று கேட்டாள் ஒச்சம்மா. "வீட்டுல அவன் பேர எடுத்தா அவுக அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. ஊருல, எனக்கு வலிக்குமேன்னு ஆளாளுக்கு வாயப் பொத்திக்கிறாக. மகேஷ்குமாருன்னு வாய் நெறையச் சொல்றது நீ ஒருத்திதான். அதக் கேக்கத்தானே தாயி, நான் போட்டப் பிடிச்சு வாரேன்."