கோபால் அடிக்காத அடி

"அடிடான்னா அடிக்க வேண்டியதுதானே? இன்னாடா இவ்ளோ வீம்பு?"

மில் முதலாளி தாண்டவராயன் போட்ட சத்தத்தில் ரைஸ்மில் குடோனே அதிர்ந்தது.

கோபால் தோளில் மாட்டிய பறையோடு அசையாமல் நின்றார். "அந்த அடி மட்டும் மாட்டேங்கய்யா. வேற எதுனா கேளுங்க."

விஷயம் இதுதான். தாண்டவராயனின் ஒரே மகன் ஏகாம்பரம், நாலு சக்கரம் வைத்த பலகையோடு மெட்ராஸிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். அமெரிக்க விளையாட்டாம். அதன்மேல் நின்றபடி உத்திரமேரூர் ரோட்டில் அவன் உருண்டதை, காலேஜ் சினேகிதன் பத்து நிமிஷப் படமாக எடுத்திருந்தான். ஊமைப் படம். குடோன் சுவரில் வேட்டியைக் கட்டி அதை ஓட்டிக்கொண்டே மியூசிக் பதிவு செய்ய வேண்டும்.

"போன வாரம் சாவு ஊர்வலத்துல அடிச்சீங்களே, அதுதான் வேணும். என்ன வேகம்!" என்றான் டைரக்டர் சினேகிதன்.

"புதுசா நானே போட்டுத் தரேன் சார். இன்னொரு வாட்டி ஓட்டுங்க."

படம் ஓடியது. சக்கரம் கடகடத்த இடத்தில் கோபாலின் குச்சிகளும் கடகடத்தன. ஏகாம்பரம் பலகையோடு பள்ளத்தைத் தாண்டியபோது சட்டென்று கை நின்றது. சக்கரம் தரையைத் தொட்டதும் ஒரே அடி. டைரக்டர் கைதட்டிவிட்டான்.

"பிரமாதம்! ஆனா கடைசில, அவன் ரோட்டுல மல்லாந்து கிடக்கிறானே, அங்க மட்டும் அந்தப் பழைய அடி போடுங்க."

"மாட்டேன்."

தாண்டவராயனுக்குப் பொறுக்கவில்லை. "சாவு மோளம் அடிக்க மாட்டோம்னு சங்கம் வச்சிக்கினு கீறீங்களே, அந்தத் திமிருதானே?"

"சங்கத்துல மொதல் கையெழுத்தே என்னுதுதான். எங்க தெரு சாவுக்கு அடிப்போம். உங்க தெருவுக்கு இனிமே இல்ல. ஆனா இப்ப மாட்டேன்றது அதுக்கில்ல."

"வேற இன்னாத்துக்காம்?"

கோபால் மைக்கைப் பார்த்தார். டேப் ரிக்கார்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"நாளைலேர்ந்து என் கழனில கால வைக்காதே!"

"வைக்கல."

"நீ ஒருத்தன்தான் மோளக்காரனா? தென்னேரிலேர்ந்து வேற ஆள இட்டாறேன். எம்புள்ள படத்துல நான் கேட்ட அடி இருக்கணும். அவ்ளோதான்!"

கோபால் வாசல்வரை போனார். வெளியே ரோட்டில் ஏகாம்பரத்தின் சக்கரச் சத்தம் கேட்டது. என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். மைக்கை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு தாண்டவராயனை நேராகப் பார்த்தார்.

"இட்டுக்கினு வாங்க. ஆனா சாவு மோளம் யாருக்குன்னு கேக்காம எவனும் குச்சியக் கையில எடுக்க மாட்டான். அப்ப உங்க வாயாலயே சொல்லுங்க, உசுரோட கீற என் ஒரே புள்ளைக்குத்தான்னு. அதுக்கப்புறம் எவன் அடிக்கிறான்னு நானும் பாக்கறேன்."